கொம்பு முனையில் இரு வல்லரசுகள்: சோமாலிய - எத்தியோப்பியப் போரும் அதன் பின்விளைவும்

வளரும் நாடு ஒன்றின் பாதுகாப்பைக் குறித்துப் பேசப் புகுவோர், அந்நாட்டுப் படையின் தொகையையும் அதன் வசமுள்ள டாங்கிகள், போர் விமானங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் முதலில் கணக்கிடுவது வழக்கம். அவ்வாறு கணக்கிடின், 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் மிகுந்த பாதுகாப்புடன் விளங்கிய சிறு நாடு சோமாலியா என்றே சொல்லுதல் வேண்டும். ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்த்து வாழும் மக்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட அவ்வறிய நாட்டிடம் சுமார் 250 டாங்கிகள் இருந்தன. மிக் வகைப் போர் விமானங்கள் இருந்தன. சோவியத் யூனியனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அதிகாரிகள் இருந்தனர். பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1991 சனவரியில், அரசாங்கம் என்று பெயர் சொல்லக்கூட அந்நாட்டில் ஒன்றும் எஞ்சவில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? சோமாலியர் தம்முள் அடித்துக்கொண்டு அழிந்தனர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவோர் உண்டு. எல்லாம் வல்லரசுகளின் சூழ்ச்சி என்று மற்றொரு வரியில் முடித்துவிடுவோரும் உண்டு. நம் மேடைகளில் இந்த இரண்டாவது விடைக்கே கைதட்டல் மிகுதி. பழைய எல்லைப் பகை ஒன்றில் வெளியிலிருந்து படைக்கலன்கள் வந்து சேரும்போது அப்பகையின் அளவும் போக்கும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆண்டு வரிசையில் பின்தொடர்ந்து சென்றாலன்றி உண்மை விளங்காது. அத்தகைய ஆய்வுக்குச் சோமாலியா, எத்தியோப்பியா ஆகிய இரு நாடுகளைப் போல வாய்ப்பான எடுத்துக்காட்டு அரிது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொண்டு, அவ்விரு நாடுகளுக்கும் மாறி மாறிப் புரவலராக நின்றன.

நிலமும் பகையும்

அந்நிலப்பகுதி நமக்கு முற்றிலும் அயலானது அன்று. மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாங்காது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அனுமதியுடன் முதல் முஸ்லிம்கள் கி.பி. 615 அளவில் ஹிஜ்ரத் செய்து அடைக்கலம் புகுந்த அபிசீனியா அங்குதான் உள்ளது. கிறித்தவரான நஜ்ஜாஷி மன்னர் அவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்த வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டு வளர்கின்றனர். பிற்காலத்தில் மதுரை வரை வந்து சென்ற பயணி இப்னு பதூதா, அதற்கு முன்னரே 1331இல் சோமாலியக் கரையிலுள்ள ஸைலா, மொகதிஷு ஆகிய துறைமுகங்களைக் கண்டு எழுதியிருக்கிறார்.

ஆப்பிரிக்காவின் கொம்பு என வழங்கும் இப்பகுதி, செங்கடலின் தென்வாயிலாகிய பாபுல் மந்தப் நீரிணையை ஒட்டிக் கிடக்கிறது. சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே செல்லும் ஒவ்வொரு கப்பலும் இதனைக் கடந்தே ஆகவேண்டும். வளைகுடாவின் எண்ணெய் வயல்களும் தொலைவில் இல்லை. பெருநாடுகள் அங்கே கண் வைத்தமைக்கு இவையே காரணம்.

ஆனால் அம்மண்ணின் மைந்தர்கள் கண் வைத்த பொருள் வேறு. எத்தியோப்பியாவின் தென்கிழக்கே ஒகாடென் என்றொரு பரந்த வறள்நிலம் உண்டு. அதன் வடபகுதியில் ஹவுத் எனப்படும் மேய்ச்சற்காடு உள்ளது. மழை பெய்ததும் வடக்கே வாழும் சோமாலிய இடையர்கள் தம் மந்தைகளை ஹவுத்துக்கு ஓட்டிச் செல்வர். புல் தீர்ந்து கோடை முற்றியதும் தம் கிணறுகளை நோக்கித் திரும்புவர். நூற்றாண்டுகளாக நடந்துவரும் இவ்வலசையின் குறுக்கே, 1897இல் பிரிட்டனும் எத்தியோப்பியாவும் செய்த உடன்படிக்கை ஒரு கோட்டைக் கிழித்தது. 1954இல் பிரிட்டன் ஹவுத்தை எத்தியோப்பியாவிடம் முழுமையாக ஒப்படைத்தபோது சோமாலியர் கொண்ட சினத்துக்கு அளவில்லை. அந்த இடையனுக்குப் பாதுகாப்பு என்பதன் பொருள் புல்லும் நீரும் அவற்றை அடையும் வழியுமேயாகும். பின்னர் அவன் பெயரால் வாங்கப்பட்ட டாங்கி எதுவும் அவனுக்கு அவற்றை ஈட்டித் தரவில்லை என்பதை இக்கட்டுரை முழுவதும் நினைவில் இருத்துதல் நலம்.

1960 சூலை 1ஆம் நாள், பிரிட்டிஷ் சோமாலிலாந்தும் இத்தாலியச் சோமாலியாவும் இணைந்து சோமாலியக் குடியரசு பிறந்தது. நீலக் கொடியின் நடுவே வெண்மையான ஐம்முனை விண்மீன். ஐந்து முனைகளும் சோமாலியர் வாழும் ஐந்து நிலங்களைக் குறித்தன. அவற்றுள் இரண்டே குடியரசுக்குள் இருந்தன. எஞ்சிய மூன்றுள் ஒகாடென் எத்தியோப்பியாவிடமும், வடக்கு எல்லை மாவட்டம் கென்யாவிடமும், ஜிபூட்டி பிரான்சிடமும் இருந்தன. ஒரு நாட்டின் கொடியே அண்டை நாடுகளின் நிலத்துக்கு உரிமை கோருமாயின், அவ்வண்டை நாடுகள் அமைதியாக உறங்க இயலுமா? எத்தியோப்பியாவின் அச்சமும் நியாயமற்றதன்று. பல இனங்களும் பல மொழிகளும் கொண்ட அப்பேரரசில் ஓர் இனம் பிரிந்து சென்றால் மற்றவையும் வழி கேட்கும். குடியேற்ற ஆட்சி வகுத்துச் சென்ற எல்லைகளை அப்படியே மதிப்பது என ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964இல் கெய்ரோவில் தீர்மானித்தது. சோமாலியா அதனை ஏற்கவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் இரு நாடுகளும் எல்லையில் சில வாரங்கள் மோதிக்கொண்டு, பிறர் சமாதானத்தால் ஓய்ந்திருந்தன. கையில் சிறிய படையும் சிறிய படைக்கலனும் இருந்தமையால் போரும் சிறியதாகவே முடிந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

நாலரை நூற்றாண்டுக்கு முன்

இப்பகையில் வெளியாரின் கை முதன்முதலாகப் புகுந்தது இருபதாம் நூற்றாண்டில்தான் என எண்ணுதல் பொருந்தாது. பதினாறாம் நூற்றாண்டில் ஹரார் பகுதியிலிருந்து புறப்பட்ட இமாம் அஹ்மது இப்னு இப்ராஹீம், எத்தியோப்பியப் பேரரசின் பெரும்பகுதியை வென்றடக்கினார். அவர் படையில் சோமாலியர் பலர் இருந்தனர். அன்றைய உலகின் பெருஞ்சக்திகளான உதுமானியத் துருக்கியரும் போர்ச்சுகீசியரும் செங்கடலுக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. துருக்கியர் இமாமுக்குத் துப்பாக்கி வீரர்களை அனுப்பினர். 1541இல் போர்ச்சுகீசியர் எத்தியோப்பியப் பேரரசருக்கு 400 துப்பாக்கி வீரர்களை அனுப்பினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் வாஸ்கோ ட காமாவின் மகன் கிறிஸ்டோவாவ் ட காமா. குஞ்ஞாலி மரைக்காயர்கள் நம் மேற்குக் கடலில் எதிர்த்து நின்றதும் இதே பறங்கியரைத்தான்.

கிறிஸ்டோவாவ் 1542இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். இமாம் 1543இல் போர்க்களத்தில் வீழ்ந்தார். முஸ்லிம் தரப்பு, கிறித்தவத் தரப்பு இரண்டுமே ஓய்ந்து சோர்ந்த நிலையில், தெற்கிலிருந்து பரவிய ஒரோமோ மக்கள் இருவர் நிலங்களிலும் குடியேறினர். துருக்கியரோ 1557இல் மஸாவா துறைமுகத்தைத் தமதாக்கிக்கொண்டனர். உதவிக்கு வந்தவருக்குத் துறைமுகம் கிடைத்தது. உதவி பெற்றவருக்கு எஞ்சியது பாழ்நிலம்.

இரு புரவலர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி அமெரிக்காவின் துணையை நாடினார். 1953இல் இரு நாடுகளுக்குமிடையே பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமெரிக்கா வேண்டியது, அஸ்மாரா நகரத்தில் இருந்த காக்னியூ வானொலித் தகவல் நிலையம். கடல் மட்டத்துக்கு மேல் 7,600 அடி உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் அமைந்த அவ்விடத்திலிருந்து தொலைதூர வானொலி அலைகளைத் தெளிவாகக் கேட்கவும் அனுப்பவும் முடிந்தது. செயற்கைக் கோள்கள் வருமுன் அதற்கு ஈடான இடம் உலகில் சிலவே. இந்நிலையத்துக்கு ஈடாக 1953 முதல் 1977 வரை அமெரிக்கா எத்தியோப்பியாவுக்கு அளித்த இராணுவ உதவி ஏறத்தாழ 28 கோடி டாலர். எத்தியோப்பியா தான் பெற்றதைச் சோமாலியாவுக்கு எதிரான பாதுகாப்பு என்று கருதிற்று. அமெரிக்கா தான் கொடுத்ததை நிலையத்துக்கான வாடகை என்று கருதிற்று. ஒரே தொகை, இரு பேரேடுகளில் இரு பெயர்கள்.

அண்டை நாடு ஆயுதம் பெறுவதைக் கண்ட சோமாலியா தானும் கேட்டது. மேலை நாடுகள் உள்நாட்டு ஒழுங்குக்குப் போதுமான சிறு படை ஒன்றுக்கே உதவ முன்வந்தன. சோவியத் யூனியன் 1963இல் சுமார் 3 கோடி டாலர் மதிப்புள்ள உதவியும் பதினாயிரம் பேர் கொண்ட படைக்கான பயிற்சியும் தருவதாகக் கூறியது. சோமாலியா இரண்டாவதை ஏற்றது. அப்போது அங்கே கம்யூனிச ஆட்சி இல்லை. தேர்தல் நடந்து, நாடாளுமன்றம் இயங்கிக்கொண்டிருந்தது. கொள்கைப் பற்றால் ஏற்பட்ட உறவன்று அது.

1967இல் பிரதமரான முகம்மது இப்ராஹீம் எகால், இவ்வழி பயன் தராது எனக் கண்டு, கென்யாவுடனும் எத்தியோப்பியாவுடனும் இணக்கம் பேசினார். எல்லையில் பதற்றம் தணிந்தது. வரலாற்றில் அதிகம் பேசப்படாத இவ்விரண்டு ஆண்டுகளே சோமாலியாவின் பாதுகாப்பு உண்மையில் உயர்ந்து நின்ற காலம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1969 அக்டோபர் 15ஆம் நாள் அதிபர் அப்திரஷீத் அலி ஷெர்மார்க்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு நாள்களில் படைத்தளபதி முகம்மது சியாத் பாரே ஆட்சியைக் கைப்பற்றினார். சோவியத் உதவியால் வளர்ந்த படை, முதன்முதலாக வென்றடக்கியது தன் நாட்டு நாடாளுமன்றத்தையே.

சியாத் பாரேயின் தொடக்க ஆண்டுகளில் நற்பணிகள் நடந்தன என்பதை மறைத்தல் முறையன்று. 1972இல் சோமாலிய மொழிக்கு எழுத்து வடிவம் வகுக்கப்பட்டது; எழுத்தறிவு இயக்கம் ஊர்தோறும் சென்றது. 1974-75ஆம் ஆண்டுகளின் கொடிய வறட்சியில், சோவியத் விமானங்கள் பல்லாயிரம் நாடோடி மக்களைத் தெற்கே விளைநிலங்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுசேர்த்தன. 1974 சூலையில் சோவியத் யூனியனுடன் நட்புறவு உடன்படிக்கை ஏற்பட்டது. ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தென்பகுதியில் சோவியத் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அதுவே. ஈடாக, பெர்பெரா துறைமுகத்தில் சோவியத் கடற்படைக்கு இடமும், நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுபாதையும், ஏவுகணைகளை வைத்துப் பேணும் கூடமும் அமைந்தன. 1975இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் இவற்றின் வான்வழிப் படங்களைத் தம் நாட்டு மேலவைக் குழுவின் முன் வைத்து எச்சரித்தார்.

1977: இடம் மாறிய புரவலர்கள்

1974 செப்டம்பரில் ஹைலே செலாசியைப் படையினர் அரியணையிலிருந்து இறக்கினர். தெர்க் எனப்படும் இராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. 1977 பிப்ரவரியில் தம் போட்டியாளர்களைக் கொன்று மெங்கிஸ்டு ஹைலே மரியம் தனித் தலைவரானார். அதே மாதம் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அரசு, மனித உரிமை மீறல்களைக் காட்டி எத்தியோப்பியாவுக்கான இராணுவ உதவியைக் குறைத்தது. மனித உரிமை பற்றிய கவலை பொய் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் செயற்கைக் கோள்களும் தியேகோ கார்சியா தீவின் தளமும் வந்தபின் காக்னியூ நிலையத்தின் தேவை தேய்ந்துவிட்டிருந்தது என்பதையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டைக் காலி செய்ய எண்ணும்போதுதான் அதன் ஓட்டை உடைசல்கள் கண்ணில் படும். ஏப்ரலில் மெங்கிஸ்டு அமெரிக்க நிலையங்களை மூடச் சொன்னார். மே மாதம் மாஸ்கோ சென்றார்.

சோவியத் யூனியனுக்கு இப்போது இரு நண்பர்கள். அவ்விருவரும் ஒருவருக்கொருவர் பகைவர்கள். இருவரையும் ஒரு கூட்டமைப்பில் பிணைத்துவிடலாம் என எண்ணி, கியூபாவின் பிடல் காஸ்ட்ரோ 1977 மார்ச்சில் ஏடன் நகரில் சியாத் பாரேயையும் மெங்கிஸ்டுவையும் நேருக்கு நேர் அமர்த்திப் பேசினார். இருவரும் மார்க்சியம் பேசியவர்களே. ஒகாடென் என்ற சொல் வந்ததும் மார்க்சியம் எழுந்து வெளியே சென்றுவிட்டது.

எத்தியோப்பியா உட்குழப்பத்தில் தவிப்பதையும், அமெரிக்கா அதனைக் கைவிட்டதையும் கண்ட சியாத் பாரே, இதுவே தருணம் என்று கணித்தார். சோமாலியாவுக்குத் தற்காப்புக்கான ஆயுதம் வழங்கக் கொள்கையளவில் இசைவு உண்டு என வாஷிங்டன் சூலையில் அறிவித்தது, அவர் கணக்குக்கு வலுச் சேர்த்தது. சோமாலியப் படை எல்லை கடந்தது. செப்டம்பரில் ஜிஜிகா நகரம் வீழ்ந்தது. ஒகாடெனின் மிகப்பெரும் பகுதி சோமாலியர் கைக்கு வந்தது. அடுத்த இலக்கு ஹரார். மதில் சூழ்ந்த அந்தப் பழம்பதியில் 82 பள்ளிவாசல்கள் உள்ளன. அவற்றுள் மூன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்நகரின் வாயிலில் போர் தேங்கி நின்றது.

படையெடுப்பு வெளிப்பட்டதும், ஆகஸ்டிலேயே, அமெரிக்கா தன் இசைவைத் திரும்பப் பெற்றது. எல்லை மீறியவனுக்கு ஆயுதம் தந்தால் கென்யா முதலான நாடுகள் பகையாகும். சோவியத் யூனியனோ சோமாலியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆயுதத்தை நிறுத்தியது. உதிரிப் பாகங்கள் இல்லை. குண்டுகள் தீர்ந்து வந்தன. இங்குதான் வெளிநாட்டு ஆயுதத்தின் இயல்பு விளங்குகிறது. டாங்கியை வாங்கும் நாடு, அதற்கான குண்டு, பல்சக்கரம், பழுது பார்க்கும் பொறியாளர் ஆகியோருக்காக விற்றவனின் வாசலில் நாள்தோறும் நின்றாக வேண்டும். போரைத் தொடங்கும் உரிமை வாங்கியவனுடையது. எத்தனை வாரம் நடத்தலாம் என்பதை முடிவு செய்வது விற்றவனின் கிடங்கு.

நவம்பர் 13ஆம் நாள் சியாத் பாரே வெகுண்டெழுந்து நட்புறவு உடன்படிக்கையைக் கிழித்தெறிந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் ஆலோசகர்கள் வெளியேற்றப்பட்டனர், பெர்பெராவும் மூடப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே எத்தியோப்பியாவை நோக்கிச் சோவியத் விமானங்களும் கப்பல்களும் புறப்பட்டன. சில மாதங்களில் வந்திறங்கிய படைக்கலன்களின் மதிப்பு 100 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. அமெரிக்கா இருபத்து நான்கு ஆண்டுகளில் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல் அது. ஏறத்தாழ 15,000 கியூபப் போர்வீரர்கள் வந்தனர். சோவியத் தளபதி வசிலி பெட்ரோவ் போரை நெறிப்படுத்தினார். சோமாலியப் படையைப் பயிற்றுவித்த அதே நாட்டின் அதிகாரிகள், அதன் வலிவும் நலிவும் அறிந்தவர்களாய், மறுபக்கம் நின்று திட்டம் தீட்டினர். 1978 மார்ச் 5ஆம் நாள் ஜிஜிகா மீண்டும் எத்தியோப்பியர் வசமாயிற்று. மார்ச் 9ஆம் நாள் சியாத் பாரே படையைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். அவர் தம் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும் விமானப் படையில் பாதியையும் இழந்திருந்தார்.

இதனைச் சமயப் போர் எனக் கருதுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முஸ்லிம் நாடுகளான தென் ஏமனும் லிபியாவும் எத்தியோப்பியாவின் பக்கம் நின்றன. சவூதி அரேபியாவும் எகிப்தும் சோமாலியாவின் பக்கம் நின்றன. எத்தியோப்பியாவுக்குச் சோவியத் யூனியன் ஆயுதம் வழங்கிய அதே நாள்களில் இஸ்ரேலும் வழங்கியது. 1978 பிப்ரவரியில் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் மோஷே தயான் இதனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மேற்கு ஆசியாவில் எதிரெதிர் நின்றவர்கள் ஒகாடெனில் ஒரே தரப்புக்கு உதவினர். இக்கூட்டணியை எந்தச் சமயத்தாலும் எந்தக் கொள்கையாலும் விளக்க இயலாது.

புதிய வாடகை

தோல்வியின் விலையை முதலில் கொடுத்தவர்கள் ஒகாடென் மக்கள். பல இலட்சம் பேர் அகதிகளாகச் சோமாலியாவுக்குள் வந்து குவிந்தனர். 1978 ஏப்ரலில், தோற்றுத் திரும்பிய அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர். அன்று முதல் சியாத் பாரே அண்டை நாட்டைக் காட்டிலும் தம் குடிகளையே மிகுதியாக அஞ்சத் தொடங்கினார். ஒரு குலத்தைக் கொண்டு மற்றொரு குலத்தை அடக்குவது ஆட்சிமுறையாயிற்று. குலவேற்றுமையை ஒழித்துவிட்டதாக 1970களில் அறிவித்தவரும் அவரே.

1979இல் ஈரானில் ஷா வீழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்தது. வளைகுடாவைக் காக்கத் தளம் தேடிய அமெரிக்காவுக்குப் பெர்பெரா நினைவுக்கு வந்தது. 1980 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சோவியத் அமைத்த ஓடுபாதையை அமெரிக்கா பயன்படுத்தலாம். சோமாலியாவுக்கு ஆயுதம் வாங்க 4 கோடி டாலர் கடன். மூன்றாண்டுகளுக்கு முன் ஒகாடென் போரில் மறுக்கப்பட்ட ஆயுதம் இப்போது வந்தது. சோமாலியாவின் நியாயம் இடையில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வளைகுடாவின் நிலைமைதான் மாறியது.

எத்தியோப்பியாவிலும் நன்மை விளையவில்லை. வென்ற மெங்கிஸ்டு தம் படையைச் சகாராவுக்குத் தென்பகுதியின் மிகப்பெரிய படைகளுள் ஒன்றாக வளர்த்து, எரித்திரியாவிலும் திக்ரேயிலும் உள்நாட்டுப் போர் நடத்தினார். 1984-85ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டபோதும் ஆயுத இறக்குமதி நிற்கவில்லை. இரு நாடுகளும் நேருக்கு நேர் மோதுவதை விட்டு, ஒன்றன் கலகக்காரர்களுக்கு மற்றொன்று இடமும் ஆயுதமும் கொடுத்து வந்தன. வடக்கத்திய இஸாக் குலத்தார் 1981இல் தொடங்கிய சோமாலிய தேசிய இயக்கத்துக்கு எத்தியோப்பியாவில் பாசறைகள் கிடைத்தன.

1988 ஏப்ரலில் நேர்ந்தது எந்தப் பாடநூலிலும் இடம்பெறத் தக்கது. களைத்துப் போன சியாத் பாரேயும் மெங்கிஸ்டுவும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒருவர் கலகக்காரருக்கு மற்றவர் இனி உதவுவதில்லை என்பது அதன் சாரம். அண்டை நாடுகளுக்கிடையே அமைதி. ஆனால் எத்தியோப்பியாவில் இடமிழந்த சோமாலிய தேசிய இயக்கத்தார் மே மாத இறுதியில் எல்லை தாண்டி வந்து புராவ், ஹர்கெய்சா நகரங்களைத் தாக்கினர். சியாத் பாரே தம் நாட்டின் இரண்டாவது பெருநகரமான ஹர்கெய்சாவின் மீது தம் விமானங்களையே ஏவினார். நகரின் விளிம்பிலுள்ள அந்நகர் விமான நிலையத்திலிருந்தே அவை எழுந்து, சில நிமிடங்களில் குண்டுகளைச் சொரிந்துவிட்டு, மீண்டும் அங்கேயே இறங்கின. நகரின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. பல்லாயிரவர் மடிந்தனர். இவை நடந்த நாள்களில் அமெரிக்கத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் கொண்ட சரக்கு ஒன்று பெர்பெராவில் வந்திறங்கியது.

உயிர் தப்பிய இலட்சக்கணக்கான மக்கள் எங்கே ஓடினர்? எல்லை கடந்து, ஹவுத் மேய்ச்சல் நிலத்துக்கு. பாட்டன் காலத்தில் மந்தையுடன் சென்ற அதே வழியில், இம்முறை மந்தையின்றி. எந்த நிலத்தை எத்தியோப்பியாவிடமிருந்து மீட்பதற்கென்று அந்தப் படை உருவாக்கப்பட்டதோ, அந்த நிலத்தில் எத்தியோப்பியக் கொடியின்கீழ்தான் அப்படையிடமிருந்து அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அன்று வீழ்ந்த மிக் விமானம் ஒன்று, இன்று ஹர்கெய்சா நகர நடுவே நினைவுச் சின்னத்தின் மேல் நிறுத்தப்பட்டுள்ளது.

கணக்கு முடித்த ஆண்டு

பனிப்போர் ஓய்ந்ததும் இரு புரவலர்களும் கணக்கை முடித்துக்கொண்டனர். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. கோர்பச்சேவின் அரசு மெங்கிஸ்டுவுக்கு ஆயுத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 1991 சனவரி முதல் வாரம் மொகதிஷுவில் தெருச்சண்டை மூண்டபோது, அமெரிக்க ஹெலிகாப்டர்கள் கடலிலிருந்து வந்து தம் தூதரகத்தாரை மீட்டுச் சென்றன. அவர்களோடு அடைக்கலம் புகுந்திருந்த சோவியத் தூதரும் அதே ஹெலிகாப்டர்களில் ஏற்றிச் செல்லப்பட்டார். முப்பது ஆண்டு எதிரிகள் ஒரே வாகனத்தில் வெளியேறினர். ஆயுதங்கள் மட்டும் கீழே நின்றுவிட்டன.

அம்மாத இறுதியில் சியாத் பாரே தலைநகரை விட்டு ஓடினார். மே 18ஆம் நாள் வடபகுதி சோமாலிலாந்து எனத் தன்னைத் தனிநாடாக அறிவித்தது. மூன்று நாள் கழித்து மெங்கிஸ்டு ஜிம்பாப்வேக்குத் தப்பினார். பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை: 1992ஆம் ஆண்டின் பஞ்சம், அமெரிக்கப் படையின் வருகை, 1993 அக்டோபரில் மொகதிஷு வீதியில் 18 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியரும் மடிந்த சண்டை, இந்தியப் படைப்பிரிவும் பங்கேற்ற ஐக்கிய நாடுகள் அமைதிப்படை 1995இல் வெறுங்கையோடு திரும்பியமை. இரு வல்லரசுகளும் நிரப்பிய கிடங்குகள் சந்தைக் கடைகளாயின.

வல்லரசுகள் ஒகாடென் பகையை உண்டாக்கவில்லை. அது முன்னரே இருந்தது. சியாத் பாரேயும் மெங்கிஸ்டுவும் ஏமாந்த பேதையரும் அல்லர். வல்லரசுகளின் போட்டியைத் தம் ஆட்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள். ஆனால் 1964இல் சில வாரங்களில் ஓய்ந்த எல்லைச் சண்டை, 1977இல் நூற்றுக்கணக்கான டாங்கிகள் மோதும் பெரும்போராக வளர்ந்தது வெளியிலிருந்து வந்த படைக்கலத்தால்தான். எகால் தொடங்கிய இணக்கப் பேச்சைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லாமற்போனதும் அதனால்தான். இலவசமாக ஆயுதம் கிடைக்கும்வரை அண்டையாருடன் பேசுவதே வீண் செலவாகத் தோன்றும். ஆள்வோரைத் தம் குடிகளிடமிருந்து விடுவித்தது மற்றொரு விளைவு. வரி கொடுப்பவன் கேள்வி கேட்பான்; வாடகைப் பணத்தில் படை வளர்ப்பவருக்கு அக்கேள்வி எட்டாது. சோமாலிலாந்து, அங்கீகாரமும் பெரிய வெளிநாட்டு இராணுவ உதவியும் இன்றி, குலப் பெரியோர்களை மரநிழலில் மாதக்கணக்கில் அமர்த்திப் பேசி, 1990களில் ஆயுதக் களைவையும் ஓரளவு அமைதியையும் எய்தியது. 1993இல் போரமா நகரில் கூடிய பெரியோர் அவை தம் அதிபராகத் தேர்ந்தெடுத்தது, 1967இல் அண்டையாரோடு இணக்கம் பேசிய அதே எகாலைத்தான்.

பெர்பெராவின் ஓடுபாதைக்கு விருந்தினர் வருகை நின்றபாடில்லை. 2016இல் அத்துறைமுகத்தை நடத்தும் உரிமை துபாய் நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது. 2017இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இராணுவத் தளம் அமைக்க சோமாலிலாந்து நாடாளுமன்றம் இசைந்தது. அண்மையிலுள்ள ஜிபூட்டியில் பிரான்சு, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றோடு 2017 முதல் சீனாவும் தளம் வைத்துள்ளது. 2024 சனவரி முதல் நாள், கடற்கரை இல்லாத எத்தியோப்பியா, கடல்வழி பெறுவதற்காகச் சோமாலிலாந்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மொகதிஷு அரசு சினந்து துருக்கியுடனும் எகிப்துடனும் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. ஆகஸ்டில் எகிப்திய இராணுவ விமானங்கள் படைக்கலன்களுடன் மொகதிஷுவில் இறங்கின. டிசம்பரில் துருக்கியின் முயற்சியால் எத்தியோப்பியாவும் சோமாலியாவும் அங்காராவில் கூடிப் பேச்சுவார்த்தைக்கு இணங்கின.